ஒரே பம்ப்புக்கு ஐந்து ஸ்பெசிஃபிக் ஸ்பீடு: ஒரு கணக்கு ஷீட்டை பிரிச்சுப் பார்த்த ஆய்வு

ஒரு சின்ன நீர்மின் அமைப்போட டிசைன் ஷீட் ரிவ்யூவுக்கு வந்துச்சு. தனியா டர்பைன் செய்ய சொன்னா செலவு தாங்காதுன்னு, ரெடியா கிடைக்கிற பம்ப்பையே ரிவர்ஸ்ல ஓடவிட்டு டர்பைனா பயன்படுத்தலாம்னு டிசைன் டீம் முடிவு பண்ணியிருந்தாங்க. நல்ல முடிவுதான், சின்ன பவருக்கு நிறைய பேர் இப்படித்தான் பண்றாங்க. சிக்கல் எங்க வந்துச்சுன்னா, ஷீட் சொன்ன பம்ப்பை யாராலயும் சப்ளை பண்ண முடியல. 23 மீட்டர் ஹெட்டுக்கு (ஹெட்னா தண்ணி ஏறுற இல்ல இறங்குற உயரக் கணக்கு) சிங்கிள் ஸ்டேஜ், அதாவது ஒரே சுழல் சக்கரம் இருக்கிற, ஆக்ஸியல் ஃப்ளோ பம்ப் (தண்ணி ஷாஃப்ட் திசையிலயே போற வகை) வேணும்னு ஷீட் சொல்லுது, கேட்ட இடத்துல எல்லாம் அப்படி ஒண்ணு கிடையாதுங்கன்னு பதில் வருது. அதுக்கப்புறம்தான் கணக்கை ஒருத்தர் உட்கார்ந்து பார்க்கணும்னு அனுப்பினாங்க. யாரோட ஷீட்ங்கிறது இங்க தேவையில்லாத விஷயம், ஏன்னா இதுல இருந்த தப்புகள் எந்த ஷீட்லயும் வரக்கூடியது.

முதல்ல டேட்டா. மொத்த ஹெட் 32.4 மீட்டர். ஃப்ளோ வினாடிக்கு 60 லிட்டர். பென்ஸ்டாக் பைப் (மேலிருந்து டர்பைனுக்கு தண்ணி கொண்டுவர்ற குழாய்) 150 மீட்டர் நீளம், உள்விட்டம் 200 மில்லிமீட்டர், உராய்வுக் கணக்குக்கான ஹேசன் வில்லியம்ஸ் சி மதிப்பு (பைப் எவ்வளவு வழவழப்புன்னு காட்டுற எண்) 140. வேகம் 1500 ஆர்பிஎம். பம்ப்பா ஓடும்போது பெஸ்ட் எஃபிஷியன்ஸி 78 சதவீதம், டர்பைனா ஓடும்போது 75 சதவீதம்னு எடுத்திருக்காங்க.

ஷீட் கொடுத்த ரிசல்ட்: உராய்வு இழப்பு 1.04 மீட்டர், அந்த இழப்பு போக மிச்சமிருக்கிற நெட் ஹெட் 31.36 மீட்டர், ஷாஃப்ட் பவர் 24.6 கிலோவாட், தேவைப்படுற பம்ப்போட ஸ்பெசிஃபிக் ஸ்பீடு (வேகம், ஃப்ளோ, ஹெட் மூணையும் சேர்த்து எந்த வடிவ பம்ப் வேணும்னு சொல்ற எண்) 243, அதனால ஆக்ஸியல் ஃப்ளோ. இந்த நாலுமே தப்பு. நெட் ஹெட் தப்பு உராய்வுத் தப்போட தொடர்ச்சி, மத்த மூணுக்கும் முக்கிய காரணம் வேற வேற, அதுல சிலதை டைமென்ஷன் செக் (ரெண்டு பக்கமும் யூனிட் ஒத்துப்போகுதான்னு பார்க்கறது) பண்ணியிருந்தா அஞ்சு நிமிஷத்துல பிடிச்சிருக்கலாம், ஒண்ணை மட்டும் எவ்வளவு டைமென்ஷன் பார்த்தாலும் பிடிச்சிருக்க முடியாது, எது எந்த வகைன்னு தெரிஞ்சு வச்சுக்கணும்னுதான் இதை இவ்வளவு விரிவா எழுதறேன்.

உராய்வு இழப்புல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா தப்பு அங்கதான் நுழையுது, அதுவும் சத்தமே இல்லாம.

ஹேசன் வில்லியம்ஸ் ஃபார்முலா எல்லாருக்கும் தெரியும். இழப்பு = மாறிலி × நீளம் × ஃப்ளோவோட 1.852 பவர், இதை சியோட 1.852 பவராலயும் விட்டத்தோட 4.87 பவராலயும் வகுக்கணும். மீட்டர், வினாடிக்கு கன மீட்டர்ல போட்டா மாறிலி 10.67. அடி, வினாடிக்கு கன அடியில போட்டா 4.73. ஷீட்ல எல்லா எண்ணும் மீட்டர்ல இருக்கு, மாறிலி மட்டும் 4.73. ஏன் அப்படின்னு கேட்டா வந்த பதில் என்னன்னா, எல்லாத்தையும் எஸ்ஐ யூனிட்டுக்கு மாத்திட்டோம், அப்புறம் மாறிலி வெறும் நம்பர்தானே, அது எப்படி மாறும்னு.

வெறும் நம்பர் இல்ல. இழப்பை நீளத்தால வகுத்தா இடது பக்கம் யூனிட் இல்லாத சரிவு கிடைக்கும். வலது பக்கம் ஃப்ளோவோட 1.852 பவர்ல நீளம் 5.556 பவருக்கு வருது, விட்டத்துல இருந்து 4.87 பவர் கழியுது, மிச்சம் நீளத்தோட 0.686 பவர், கூடவே நேரத்தோட மைனஸ் 1.852 பவர். இடது பக்கம் ஒண்ணுமே இல்ல, வலது பக்கம் இவ்வளவு இருக்கு, அப்ப இதை ரத்து பண்ற யூனிட் மாறிலிக்குள்ளயும் சிக்குள்ளயும் சேர்ந்துதான் ஒளிஞ்சிருக்கணும். பழக்கத்துல சியை எந்த யூனிட் சிஸ்டத்துலயும் அதே 140, அதே 100ன்னு மாத்தாம வச்சுக்கறாங்க, அதனால மொத்த சுமையும் மாறிலி மேல விழுது. இதை சரிபார்க்கவும் முடியும். ஒரு மீட்டர்ங்கிறது 3.281 அடி. 3.281ஐ 0.686 பவருக்கு உயர்த்தினா 2.26 வரும். 10.67ஐ 4.73ஆல வகுங்க, அதே 2.26. டைமென்ஷன் கணக்கு எந்த டேபிளையும் பார்க்காம இந்த விகிதத்தை சொல்லிடுது, இது எனக்கு எப்ப பார்த்தாலும் ரொம்ப பிடிச்ச விஷயம்.

சரியான மாறிலி போட்டா இழப்பு 2.35 மீட்டர், நெட் ஹெட் 30 மீட்டர். ஷீட் சொன்னதுக்கும் இதுக்கும் வித்தியாசம் 1.3 மீட்டர்தான், அதனால யார் கண்ணுலயும் படல. தப்பு பத்து மடங்கா வந்தா எல்லாரும் பார்ப்பாங்க, நாலு சதவீதமா வந்தா அது அப்படியே கையெழுத்தாகிப் போயிடும். உராய்வுக்கே இருக்கிற இன்னொரு ஃபார்முலாவான டார்சி வெய்ஸ்பாக்ல ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும், அதுல உராய்வு எண் நிஜமாவே யூனிட் இல்லாதது, மாறிலில எதுவும் ஒளியறதில்ல. 0.0155ன்னு உராய்வு எண் எடுத்தா 2.16 மீட்டர் வருது, ஹேசன் வில்லியம்ஸோட கிட்டத்தட்ட ஒத்துப்போகுது, 1.04ஓட ஒத்துப்போகவே இல்ல. ஆனா இங்கயும் ஒரு எச்சரிக்கை சொல்லணும். டார்சி உராய்வு எண்ணுன்னு ஒண்ணு, ஃபேனிங் உராய்வு எண்ணுன்னு ஒண்ணு, டார்சி எண் ஃபேனிங்கை விட நாலு மடங்கு, ரெண்டுமே யூனிட் இல்லாதது. சார்ட் மாறிப்போச்சுன்னா டைமென்ஷன் செக் வாயே திறக்காது.

அடுத்தது பவர். தண்ணியோட பவர்னா அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் × ஃப்ளோ × ஹெட், அவ்வளவுதான், எந்த யூனிட் சிஸ்டத்துலயும் இது உண்மை. ஆனா ஷீட்ல இருந்தது ஷார்ட்கட். லிட்டர் பர் செகண்டை மீட்டரால பெருக்கி 102ஆல வகுத்தா கிலோவாட். மணிக்கு கன மீட்டர்னா 367ஆல வகுக்கணும். மெட்ரிக் ஹார்ஸ்பவர்னா 75. ஜிபிஎம் (நிமிஷத்துக்கு அமெரிக்க கேலன்), அடி, ஹார்ஸ்பவர்னா 3960. இந்த எண்கள் ஒவ்வொண்ணுக்குள்ளயும் தண்ணியோட அடர்த்தியும் புவியீர்ப்பும் நேர மாற்றமும் சேர்ந்து உட்கார்ந்திருக்கு. 367 எங்கிருந்து வருதுன்னா 36,00,000ஐ 9810ஆல வகுத்தது. 102ங்கிறது 1000ஐ 9.81ஆல வகுத்தது. உப்புத்தண்ணி, எண்ணெய், ஸ்லரின்னு வந்தா ஸ்பெசிஃபிக் கிராவிட்டியால (தண்ணியோட ஒப்பிட்ட அடர்த்தி) பெருக்க மறந்துட்டீங்கன்னா மாறிலி ஞாபகப்படுத்தாது, அது தன்னை நல்ல தண்ணின்னே நினைச்சுக்கிட்டு இருக்கும்.

ஷீட்ல 102 சரியாத்தான் இருந்துச்சு, யூனிட்டும் சரி. தப்பு எஃபிஷியன்ஸில. பம்ப்புக்கான ஃபார்முலாவை அப்படியே காப்பி பண்ணதால எஃபிஷியன்ஸி கீழ வகுத்தல்ல இருந்துச்சு. பம்ப்னா நாம ஷாஃப்ட்ல கொடுக்கிற பவர் தண்ணியோட பவரை விட அதிகமா இருக்கணும், வகுக்கறது சரி. டர்பைன்னா தண்ணி கொடுக்கிறதுல ஒரு பகுதிதான் ஷாஃப்டுக்கு வரும், பெருக்கணும். எஃபிஷியன்ஸி யூனிட் இல்லாத எண், மேல போட்டாலும் கீழ போட்டாலும் டைமென்ஷன் சரியாத்தான் இருக்கும், கிலோவாட்தான் வரும். அதனாலதான் இந்த தப்பை டைமென்ஷன் பார்த்து பிடிக்க முடியாதுன்னு மேல சொன்னேன். இதை பிடிக்க வேண்டியது வேற கேள்வி: தண்ணிக்கிட்ட இருக்கிற பவரை விட டர்பைன் அதிகமா கொடுக்குதா? ஷீட்டோட சொந்த ஹெட்படி தண்ணியோட பவர் 18.5 கிலோவாட். ஷாஃப்ட்ல 24.6. ரெண்டும் பக்கத்து பக்கத்து செல்ல இருந்திருந்தா ஒரு குழந்தை கூட கேட்டிருக்கும், ஆனா ஷீட்ல தண்ணியோட பவருக்குன்னு தனி செல்லே இல்ல, எல்லாத்தையும் ஒரே ஃபார்முலால அடைச்சு கடைசி ரிசல்ட் மட்டும் காட்டியிருந்தாங்க. ஒரே வரியில முடிக்கிற ஃபார்முலா அழகா இருக்கும்தான், ஆனா நடுவுல நிக்கிற எண்ணை பார்க்கிற வாய்ப்பை அது எடுத்துடுது, டிசைன் ஷீட்ல அதை அனுமதிக்கவே கூடாதுங்கிறது என் உறுதியான கருத்து.

30 மீட்டருக்கு சரியா போட்டா தண்ணியோட பவர் 17.7 கிலோவாட், ஷாஃப்ட் பவர் 13.2 கிலோவாட். 24.6ஐ நம்பி 30 கிலோவாட் ஜெனரேட்டர் எழுதியிருந்தாங்க, அது பாதி லோடு கூட இல்லாம ஓடியிருக்கும்.

இப்ப ஸ்பெசிஃபிக் ஸ்பீடு. இந்த கேஸோட மையமே இதுதான்.

டர்பைன் பக்கம் இருக்கிற ஃப்ளோ, ஹெட்ல இருந்து பம்ப் பக்கம் போறதுக்கு ஒரு அனுபவ விதி பயன்படுத்தியிருந்தாங்க: பம்ப்போட பெஸ்ட் பாயிண்ட் ஃப்ளோ கிடைக்க டர்பைன் ஃப்ளோவை பம்ப் எஃபிஷியன்ஸியோட 0.8 பவரால பெருக்கணும், ஹெட்டை 1.2 பவரால பெருக்கணும். இதுல எல்லாமே விகிதம், யூனிட் தகராறே கிடையாது. சரியான நெட் ஹெட்டை வச்சுப் போட்டா பம்ப் ஃப்ளோ வினாடிக்கு 0.0492 கன மீட்டர், ஹெட் 22.3 மீட்டர்.

ஸ்பெசிஃபிக் ஸ்பீடுன்னா வேகம் × ஃப்ளோவோட வர்க்கமூலம் ÷ ஹெட்டோட 0.75 பவர். ஆர்பிஎம், வினாடிக்கு கன மீட்டர், மீட்டர்ல போட்டா 32.4 வருது. அது நல்ல ரேடியல் இம்பெல்லர் (தண்ணியை நடுவுல இருந்து வெளிப்பக்கமா தள்ற சுழல் சக்கரம்), எங்க வேணா கிடைக்கிற சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்ப். அப்ப ஷீட்ல எப்படி 243? ஃபார்முலாவை ஒரு கேட்டலாக்ல இருந்து எடுத்திருக்காங்க, அந்த கேட்டலாக் ஜப்பான் வழக்கப்படி ஃப்ளோவை நிமிஷத்துக்கு கன மீட்டர்ல போடுது. 60ஓட வர்க்கமூலம் 7.75, அதால பெருகிடுச்சு. அப்புறம் அந்த எண்ணை எடுத்துக்கிட்டு வினாடி அடிப்படையில வரைஞ்ச ஒரு ஐரோப்பிய சார்ட்ல போய் படிச்சிருக்காங்க, அதுல தோராயமா 70 வரைக்கும் ரேடியல், 160 வரைக்கும் மிக்ஸட் ஃப்ளோ (ரெண்டுக்கும் நடுப்பட்ட வகை), அதுக்கு மேல ஆக்ஸியல். 243னா ஆக்ஸியல்தான். ஃபார்முலாவும் தப்பில்ல, சார்ட்டும் தப்பில்ல, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு குடும்பம்.

ஹெட்டை சரிபண்ணின பிறகு இதே ஒரு பம்ப், இதே ஒரு டியூட்டி பாயிண்ட் (அதே ஃப்ளோ, அதே ஹெட்), வழக்கத்துக்கு வழக்கம் எப்படி மாறுதுன்னு பாருங்க. வினாடிக்கு கன மீட்டர்ல 32. நிமிஷத்துக்கு கன மீட்டர்ல 251. ஜிபிஎம், அடியில கிட்டத்தட்ட 1676. ரஷ்யாலயும் சீனாவுலயும் 3.65ன்னு ஒரு எண்ணால பெருக்கி எழுதற வழக்கம், அதுல 118. ரேடியன் பர் செகண்ட் போட்டு ஹெட்டோட புவியீர்ப்பையும் பெருக்கினா 0.61. சார்ட்ல ஒண்ணு ரேடியல், ஒண்ணு மிக்ஸட், ஒண்ணு ஆக்ஸியல்னு வந்து நிக்கும், உலோகத்துல அது ஒரே இம்பெல்லர்.

அந்த 3.65 எங்கிருந்து வந்துச்சுங்கிறது ரொம்ப முக்கியம். ஸ்பெசிஃபிக் ஸ்பீடுங்கிற கருத்து டர்பைன் பக்கம், ஒரு மீட்டர் ஹெட்ல ஒரு ஹார்ஸ்பவர் கொடுக்கிற, அதே வடிவத்துல இருக்கிற ரன்னரோட (டர்பைன் சக்கரம்) வேகம்னு அர்த்தம் கொண்டது. ஒரு மெட்ரிக் ஹார்ஸ்பவர்னா 75 கிலோகிராம் விசை மீட்டர் பர் செகண்ட். ஒரு மீட்டர் ஹெட்ல அதுக்கு தேவையான தண்ணி வினாடிக்கு 75 லிட்டர், அதாவது 0.075 கன மீட்டர். அதோட தலைகீழோட வர்க்கமூலம் எடுங்க, 3.65. ஆக அந்த ஒரு எண்ணுக்குள்ள தண்ணியோட எடையும் ஹார்ஸ்பவரோட வரையறையும் மறைஞ்சிருக்கு.

டைமென்ஷனை எழுதிப் பார்த்தா எல்லாம் தெளிவாயிடும். வேகம் நேரத்தோட மைனஸ் 1. ஃப்ளோவோட வர்க்கமூலம் நீளத்தோட 1.5, நேரத்தோட மைனஸ் 0.5. ஹெட் நீளம், அதோட 0.75 பவர். மொத்தம் நீளத்தோட 0.75, நேரத்தோட மைனஸ் 1.5. இது யூனிட் இல்லாத எண் இல்ல. இப்ப புவியீர்ப்பு முடுக்கத்தை 0.75 பவருக்கு உயர்த்துங்க: நீளத்தோட 0.75, நேரத்தோட மைனஸ் 1.5. அச்சு அசலா அதே. அதாவது பழைய ஃபார்முலால காணாம போனது புவியீர்ப்பு மட்டும்தான், அதை திரும்ப உள்ள வச்சா எண் சுத்தமாயிடுது, எந்த நாட்டு யூனிட்ல போட்டாலும் 0.61தான். பம்ப் டெஸ்டுக்கான ஐஎஸ்ஓ 9906 தரத்துல டைப் நம்பர்னு சொல்றது இதைத்தான்.

ஏன் 0.75னு கேக்கறவங்களுக்கு: ரெண்டு பக்கமும் டைமென்ஷன் ஒத்துப்போகணும்ங்கிற எண்ணத்தை ஃபூரியே 1822லயே வெப்பத்தைப் பத்தி எழுதினப்ப சொல்லிட்டார், பக்கிங்ஹாம் 1914ல அதை பை தேற்றமா ஒழுங்குபடுத்தினார். பம்ப்புக்கு வேகம், ஃப்ளோ, புவியீர்ப்பு × ஹெட், இம்பெல்லர் விட்டம்னு நாலு அளவு, அதுல நீளம் நேரம்னு ரெண்டு டைமென்ஷன், அப்ப ரெண்டு யூனிட் இல்லாத குழு கிடைக்கும், ஒண்ணு ஃப்ளோ குணகம், ஒண்ணு ஹெட் குணகம். முதல்ல விட்டம் 3 பவர்ல கீழ இருக்கு, ரெண்டாவதுல 2 பவர்ல கீழ இருக்கு. விட்டத்தை நீக்கணும்னா முதலாவதோட அரை பவரை ரெண்டாவதோட முக்கால் பவரால வகுக்கணும், ரெண்டுலயும் விட்டம் 1.5 பவராகி ரத்தாயிடும். முக்கால் வந்தது அப்படித்தான், யாரும் அளந்து பார்த்து பொருத்தினது இல்ல.

டர்பைன் ஃபார்முலா இன்னும் மோசம், அதுல பவரோட வர்க்கமூலம் இருக்கு, ஹெட் 1.25 பவர்ல இருக்கு, ஒளிஞ்சிருக்கிறது புவியீர்ப்பு மட்டுமில்ல, அடர்த்தியும் கூட. நம்ம கேஸ்ல கிலோவாட்ல போட்டா 78, மெட்ரிக் ஹார்ஸ்பவர்ல 91, அடி ஹார்ஸ்பவர்ல 20. பாடப்புத்தகங்கள்ல 51ல இருந்து 255 வரைக்கும் ஃபிரான்சிஸ் (ஒரு டர்பைன் வகை)னு வர்ற டேபிள் கிலோவாட்டுக்கானது, 60ல இருந்து 300னு வர்றது ஹார்ஸ்பவருக்கானது, டேபிளுக்கு மேல எது அடிப்படைன்னு எழுதாத புத்தகத்தை எடுத்து வேலை பண்ணாதீங்க. அந்த 20ஐ கிலோவாட் டேபிள்ல படிச்சா பெல்டன் சக்கரம்னு, அதாவது முற்றிலும் வேற டர்பைன் வகைன்னு சொல்லிடும்.

எஸ்ஐக்கு மாத்திட்டா எல்லா பிரச்சனையும் தீந்துடும்னு ஒரு நம்பிக்கை நிறைய பேர்கிட்ட இருக்கு, அதை இந்த ஷீட் நேரடியா உடைக்குது. இதுல உள்ளீடா போட்ட எல்லா எண்ணும் மெட்ரிக்தான். உராய்வுல உள்ளீடு எஸ்ஐ, மாறிலி அடி. ஸ்பெசிஃபிக் ஸ்பீடுல ஃபார்முலா நிமிஷம், சார்ட் வினாடி. யூனிட் மாத்தறது ஒரு வேலை, மாறிலிக்குள்ள என்ன இருக்குன்னு கேக்கறது வேற வேலை.

சாஃப்ட்வேர் உதவும், ஓரளவுக்கு. சாதாரண ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு யூனிட்டே தெரியாது, செல்ல இருக்கிறது அதுக்கு வெறும் எண். பைத்தான்ல பிண்ட்னு ஒரு லைப்ரரி இருக்கு, எண்ணோட யூனிட்டையும் சேர்த்து தூக்கிக்கிட்டு போகும், மீட்டரோட வினாடியை கூட்டினா எரர் கொடுத்து நிறுத்திடும், பின்ன பவரையும் தாங்கும். ஹேசன் வில்லியம்ஸை அதுல அப்படியே போட்டா விடை மீட்டர்ல வராது, நீளத்தோட ஏதோ ஒரு விசித்திர பவர்ல வரும், அங்கயே மாறிலி சந்தேகம் வந்துடும். ஆனா ரேடியன் யூனிட் இல்லாதது, அதனால சுற்று பர் செகண்டுக்கும் ரேடியன் பர் செகண்டுக்கும் நடுவுல இருக்கிற 6.28 மடங்கு டைமென்ஷன் செக்ல தப்பிச்சுடும். டபுள் சக்‌ஷன் பம்ப்புக்கு ஃப்ளோவை பாதியாக்கணும், மல்டி ஸ்டேஜுக்கு ஹெட்டை ஸ்டேஜ் எண்ணிக்கையால வகுக்கணும், இதெல்லாம் மனுஷன்தான் பார்க்கணும்.

ஷீட்டை திரும்ப எழுத சொன்னப்ப கேட்டுக்கிட்டது ரொம்ப சிம்பிள். 102, 367 எல்லாம் போகட்டும், அடர்த்தியும் புவியீர்ப்பும் தனித்தனி செல்ல வரட்டும், ஃபார்முலா அதை கூப்பிடட்டும். தண்ணியோட பவர் தனி வரி, ஷாஃப்ட் பவர் அதுக்கு அடுத்த வரி, ரெண்டாவது முதலாவதை தாண்டினா செல் சிவப்பாகட்டும். ஸ்பெசிஃபிக் ஸ்பீடு 0.61 வடிவத்துல மட்டும் இருக்கட்டும், கேட்டலாக்கோட ஒப்பிடணும்னா மாற்றுற எண் பக்கத்துல பேரோட நிக்கட்டும்: வினாடி அடிப்படைக்கு 52.9, ஜிபிஎம் அடிக்கு 2733. உராய்வுக்கு டார்சி, ஹேசன் வில்லியம்ஸ் சரிபார்க்க மட்டும்.

டீம் ஒத்துக்கிட்டாங்க, ஒரே ஒரு இடத்துல வாதம் வந்துச்சு. சைட்ல வேலை பார்க்கிறவங்களுக்கு 367 மனப்பாடம், அதை எடுத்துட்டா வேகம் குறையும்னாங்க. நியாயம்தான், சைட்ல மனக்கணக்கா போட்டுப் பார்க்க 367ஐ விட நல்லது இல்ல. ஆனா மனக்கணக்கு சரிபார்க்கறதுக்கு, ஷீட் வாங்கறதுக்கு. வாங்கற கணக்குல ஒளிஞ்ச எண் இருக்கக்கூடாதுன்னு முடிவாச்சு.

புது ஷீட்படி ரேடியல் பம்ப், 22 மீட்டர், மணிக்கு 177 கன மீட்டர், 15 கிலோவாட் ஜெனரேட்டர். இதுக்கு கேட்டலாக்ல பம்ப் தாராளமா இருக்கு. இன்னும் பாக்கி இருக்கிறது அந்த 0.8, 1.2 பவர் விதி. டைமென்ஷன்படி அதுல ஒரு குறையும் இல்ல, ஆனா அது அனுபவ விதி, நிஜ பம்ப் அதுல இருந்து கணிசமா விலகலாம். அதனால ஆர்டர் போடறதுக்கு முன்னாடி அந்த பம்ப்பை டர்பைன் மோட்ல ஓட்டி எடுத்த டெஸ்ட் கர்வ் வேணும்னு எழுதிக் கேட்டிருக்காங்க, கர்வ் வந்ததும் நெட் ஹெட் 30 மீட்டர்ல ஃப்ளோ 60 லிட்டர் வருதான்னுதான் முதல்ல பார்க்கணும்.